கொலஸ்ரோல் குளிசையும் விட்டுப்போகாத கால் உளைவும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு அரச வைத்தியசாலையின் மருந்தகத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். கிளினிக் நாளில் டொக்டரிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் சனம் எங்கள் யன்னலில் வந்துதான் கேட்கும். அதில் அடிக்கடி வருவது, "பிள்ளை, இந்தக் கொழுப்புக் குளிசை போடத் தொடங்கின பிறகு கால் உளையுது, நிப்பாட்டியும் போகேல்லை" என்பது. வரிசை நீண்டு நிற்கும்போது நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அந்தக் குறை மனதில் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. இதை வாசித்துவிட்டுக் குளிசையை நிறுத்துவதோ தொடங்குவதோ வேண்டாம். கிளினிக் கொப்பியோடு டொக்டரிடம் போய்க் கேளுங்கள்.

ஸ்ரற்றின் என்பது எந்தக் குளிசை?

உங்கள் மருந்து உறையில் அற்றோவஸ்ரற்றின், றோசுவஸ்ரற்றின், சிம்வஸ்ரற்றின் என்று ஏதாவது எழுதியிருந்தால் அதுதான். பெயரின் கடைசியில் ‘ஸ்ரற்றின்’ வரும். ஈரல் கொலஸ்ரோலைச் செய்வதற்கு ஒரு நொதியம் வேண்டும். இந்தக் குளிசை அந்த நொதியத்தை மறிக்கிறது. அதனால் ஈரல் தனக்குத் தேவையான கொலஸ்ரோலை இரத்தத்திலிருந்து இழுத்து எடுக்கிறது, இரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ரோல் குறைகிறது. ஜப்பானின் வடக்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்பவர் 1970களில் பூஞ்சணம் ஒன்றிலிருந்து இந்த வகையின் முதல் பொருளைப் பிரித்தெடுத்தார். 1987இல் அமெரிக்காவில் முதல் ஸ்ரற்றின் பாவனைக்கு வந்தது.

கால் உளைவு உண்மையிலேயே இந்தக் குளிசையால் வருமா?

வரும். ஆனால் கால் உளைகிற எல்லோருக்கும் அது குளிசையால் வந்தது அல்ல.

ஸ்ரற்றினால் வருகிற நோவுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். பெரிய தசைகளில் வரும்: தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள். பெரும்பாலும் குளிசை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களில் தொடங்கும். ஒரு முழங்கால் மட்டும் வீங்கி நோகிறது, நாரியிலிருந்து ஒரு காலுக்கு மின்னல் மாதிரி இறங்குகிறது, உள்ளங்கால் எரிகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

2022இல் பெரிய ஆய்வுகள் பலவற்றின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்ரற்றின் போட்டவர்களில் 27.1 வீதமானோர் தசை நோ என்று சொன்னார்கள். மருந்தே இல்லாத வெறும் குளிசை போட்டவர்களில் 26.6 வீதமானோரும் அதையே சொன்னார்கள். அதிகமாக இருந்த அந்தச் சிறு பகுதியும் பெரும்பாலும் முதல் வருடத்தில்தான். நடு வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு எப்படியும் தசை நோகிறது என்பதைத்தான் இந்தக் கணக்கிலிருந்து நான் விளங்கிக்கொண்டேன்.

அப்படியென்றால் என்னுடைய நோ கற்பனையா?

இல்லை. இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டு என் யன்னலுக்கு வந்த அம்மாமார் இருக்கிறார்கள். யாரும் யாருக்கும் அப்படிச் சொல்லக் கூடாது.

இங்கிலாந்தில் 60 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டார்கள். அறுபது பேரும் பக்க விளைவு தாங்காமல் ஸ்ரற்றினை விட்டவர்கள். ஒரு வருடத்தில் சில மாதம் உண்மையான குளிசை, சில மாதம் வெறும் குளிசை, சில மாதம் ஒன்றுமே இல்லை. எந்தப் போத்தலில் இருப்பது எந்தக் குளிசை என்று அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் தங்கள் கஷ்டத்துக்கு நூறுக்கு எத்தனை என்று புள்ளி போட்டார்கள். குளிசையே இல்லாத மாதங்களில் சராசரி 8. வெறும் குளிசை மாதங்களில் 15.4. ஸ்ரற்றின் மாதங்களில் 16.3.

அந்த 15.4 பொய் இல்லை. அவர்களுக்கு உண்மையில் நொந்தது. ‘இது எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்ற பயம் உடம்பில் நோவாக வெளிப்படும், அதுவும் நோதான். முடிவைக் காட்டி விளங்கப்படுத்திய பிறகு அவர்களில் பாதிப் பேர் குளிசையைத் திரும்பத் தொடங்கினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. யாரும் அவர்களை ஏசவில்லை, உட்கார வைத்துக் கதைத்தார்கள்.

நிறுத்தினால் எத்தனை நாளில் போகும்?

குளிசை இரத்தத்தை விட்டு சில நாளில் போய்விடும். தசை ஆறுவதற்கு அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் குறையும். சிலருக்கு இரண்டு மாதம் பிடிக்கும்.

நான் நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல். இன்னும் போகவில்லையே?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதத் தொடங்கினேன்.

விசுவமடுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மா. மாதா மாதம் தவறாமல் கிளினிக்குக்கு வந்து மருந்து வாங்குவார். ஒருநாள் ஷொப்பிங் பையிலிருந்து ஒரு பழைய பால்மா ரின்னை எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே எங்கள் கையெழுத்து உள்ள சின்ன உறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஏழு. எல்லாம் அற்றோவஸ்ரற்றின். ஒன்றுகூட உடைக்கப்படவில்லை. "டொக்டர் ஏசுவார் எண்டு சொல்லேல்லை பிள்ளை. வாங்கிக்கொண்டு போய் இதுக்குள்ள போட்டிட்டன்" என்றார். கால் உளைவு என்று நிறுத்தியவர். ஏழு மாதமாக ஒன்றும் போடவில்லை, உளைவும் போகவில்லை. குளிசையின் விஷம் உடம்பில் நின்றுவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

நானே கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் விட்டேன். அவர் ஏசவில்லை. முகம் ஊதியிருப்பதையும் குரல் தடித்திருப்பதையும் பார்த்துவிட்டு, குளிர் தாங்குவதில்லையா, மலச்சிக்கலா என்று கேட்டார், இரத்தத்தில் ரிஎஸ்எச் என்ற தைரொயிட் பரிசோதனை பார்க்க எழுதினார். தைரொயிட் சுரப்பு நன்றாகக் குறைந்திருந்தது. தைரொயிட் குறைந்தால் தசை நோகும், கொலஸ்ரோலும் ஏறும், அந்த நிலையில் ஸ்ரற்றின் போட்டால் தசைக்கு இன்னும் கெடுதல். மூன்றுக்கும் காரணம் ஒன்று. தைரொக்சின் தொடங்கிச் சில மாதத்தில் அவர் கொலஸ்ரோலும் இறங்கியது, உளைவும் இறங்கியது.

ஆகவே, நிறுத்தி இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகும் நோ நிற்கிறதென்றால், குளிசையைத் திட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். வேறு காரணம் ஒன்று அங்கே இருக்கக்கூடும், அதற்கு மருந்தும் இருக்கக்கூடும். தைரொயிட்டை முதலில் பாருங்கள். நீண்ட காலம் மெற்போமின் போடுகிற சீனி வருத்தக்காரருக்கு விற்றமின் பி12 குறைந்து கால் விறைக்கும், குத்தும். சீனியே நரம்பைத் தின்று பாதம் எரிய வைக்கும். விற்றமின் டி குறைந்தாலும் தொடை, இடுப்பு எல்லாம் நோகும். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டு நோ மாதக்கணக்கில் நிற்கும்.

அதோடு எங்கள் மண்ணுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 2009இல் முடிந்த யுத்தத்துக்குப் பிறகு உடம்புக்குள் செல் (எறிகணை) துண்டோடு வாழ்கிறவர்கள் எங்கள் கிளினிக்கில் நிறையப் பேர். அந்த நோ பதினைந்து வருடத்துக்கு மேலாக இருக்கும். கொஞ்சம் கூடினால், புதிதாகத் தொடங்கிய குளிசையில் பழி விழும். சில சமயம் மறுபக்கமும் நடக்கிறது: உண்மையிலேயே குளிசையால் வந்த புது நோவைப் பழைய காயக் கணக்கில் எழுதிவிடுகிறோம். ‘பழைய நோ எது, புது நோ எது’ என்று பிரித்துச் சொல்ல உங்களால் மட்டும்தான் முடியும். தயவுசெய்து அதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

நிறுத்திய பிறகு நோ கூடவில்லை, ஆனால் பலம் குறைந்துகொண்டே போகிறது. இது என்ன?

இதைப் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

மிக அரிதாக, ஸ்ரற்றின் போட்டவரின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் தசையையே தாக்கத் தொடங்கும். லட்சத்தில் இரண்டு மூன்று பேருக்கு என்று கணக்குச் சொல்கிறார்கள். இது குளிசை தொடங்கிச் சில வருடம் கழித்தும் வரலாம், குளிசையை நிறுத்தினாலும் நிற்காது. நிறுத்திய பிறகும் நீடிக்கிற உண்மையான ஸ்ரற்றின் பக்க விளைவு என்றால் முக்கியமாக இதுதான். எந்த மூலக்கூறைத் தாக்கும் பிறபொருளெதிரி இது என்று 2011இல்தான் தெளிவாகக் கண்டுபிடித்தார்கள்.

என் அனுபவத்தில் ஒருவரைத்தான் பார்த்தேன். உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். குந்தினால் எழும்ப ஏலாது, ஆசனத்தில் ஏறக் கையால் தொடையைத் தூக்கி வைக்க வேண்டும், கொடியில் சாரம் போடக் கை உயராது. பெரிய நோ என்று சொல்ல ஒன்றுமில்லை. முதலில் காட்டிய இடத்தில் ‘வயது போனால் இப்படித்தான்’ என்று நோக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள், வயது 54. பல மாதம் கழித்துத்தான் சிகே என்ற தசை நொதியத்தைப் பார்த்தார்கள். இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. பிறகு பெரிய வைத்தியசாலையில் ஸ்ரீரொயிட்டும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் கொடுத்தார்கள். இப்போது நடக்கிறார், ஆனால் உழவு இயந்திரத்தை மகன்தான் ஓட்டுகிறார். அந்த மாதங்கள் வீணாகாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இந்த வருத்தம் உறுதியானவர்களுக்குத் திரும்ப ஸ்ரற்றின் கொடுப்பதில்லை. பரிசோதனைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லலாம். உடம்பில் செல் துண்டு இருந்தால் அந்த இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னமே சொல்லிவிடுங்கள். அது பெரிய காந்தம். கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

எது வந்தால் உடனே ஓட வேண்டும்?

தசை நோவோடு சலம் கறுத்துத் தேயிலைச் சாயம் மாதிரிப் போனால், அல்லது சலம் குறைந்தால், அன்றைக்கே போங்கள். தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தமாகலாம். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள், காசில்லை.

மாரியில் வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று. எலிக்காய்ச்சலும் இதே மாதிரித்தான் வரும்: காய்ச்சல், கெண்டைக்கால் தொட ஏலாத நோ, கண் சிவத்தல், சலம் மாறுதல். ‘கொழுப்புக் குளிசைதான்’ என்று அதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் பாயில் படுத்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போய், ‘வயலுக்குள் நின்றேன்’ என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

சிகே பார்க்க எழுதியிருக்கிறார்கள். முதல் நாள் வேலைக்குப் போகலாமா?

இரண்டு மூன்று நாளைக்குப் பாரமான வேலையை விடுங்கள். மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க வரம்பு கட்டிய அடுத்த நாள், மருந்தே போடாத ஒருவருக்கும் சிகே ஏறித்தான் இருக்கும். கிளினிக்கில் இதை யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

வேறு மருந்தோடு சேர்ந்தால் கெடுதலா?

ஆம், இதில் கவனமாக இருங்கள். பல நேரம் ஸ்ரற்றின் தனியாகப் பிழை செய்வதில்லை, புதிதாகச் சேர்ந்த இன்னொரு மருந்து அதன் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. வயலில் ஈரத்தில் நின்று படர்தாமரை வந்து, தனியார் பாமசியில் இற்றாகொனசோல் வாங்கிப் போடுகிறோம் அல்லவா, அது அப்படிப்பட்டது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற அன்ரிபயோற்றிக்கும் அப்படித்தான். பிரஷருக்கு அம்லோடிப்பின் போடுகிறவர் சிம்வஸ்ரற்றினை 20 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. கொழுப்புக்கே கொடுக்கிற ஜெம்பைப்றோசில் ஸ்ரற்றினோடு சேரவே கூடாது. செரிவஸ்ரற்றின் என்று ஒரு ஸ்ரற்றின் இருந்தது. தசை உடைந்து உயிரிழப்புகள் ஏற்பட்டதால் 2001இல் உலகம் முழுக்க அதைத் திரும்ப எடுத்தார்கள். அந்த உயிரிழப்புகளில் பல ஜெம்பைப்றோசிலோடு சேர்த்துப் போட்டவர்களுக்கு நேர்ந்தவை.

சிறுநீரகம் பழுதானவர்களும் சொல்ல வேண்டும். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். றோசுவஸ்ரற்றின் போன்றவற்றின் அளவை அவர்களுக்குக் குறைக்க வேண்டியிருக்கும்.

சீனி வரும், மறதி வரும், ஈரல் பழுதாகும் என்கிறார்களே?

சீனி: கொஞ்சம் உண்மை. ஏற்கெனவே எல்லையில் நிற்கிறவர்களுக்கு அந்த எல்லையைத் தாண்டவைக்கலாம். 255 பேர் நாலு வருடம் போட்டால் ஒருவருக்குக் கூடுதலாக வரும் என்பது 2010இல் வந்த கணக்கு. மறதி: சிலர் சொல்லியிருக்கிறார்கள், நிறுத்தியதும் போயிருக்கிறது, பெரிய ஆய்வுகளில் வித்தியாசம் தெரியவில்லை. ஈரல்: நொதியம் கொஞ்சம் ஏறலாம், உண்மையான பழுது மிக அரிது.

குளிசைக்குப் பதிலாகச் சிவப்பு அரிசி நல்லது என்று வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய வீடியோவில் சொன்னார்கள்?

அவர்கள் சொல்வது சீனாவின் சிவப்பு ஈஸ்ற் அரிசி. பூஞ்சணம் பிடிக்க வைத்துச் செய்வது. அதில் இருக்கும் மொனக்கொலின் கே என்பதும் லோவஸ்ரற்றின் என்ற குளிசையும் ஒரே பொருள். அதாவது அளவு தெரியாத ஸ்ரற்றினை வாங்கிச் சாப்பிடுகிறீர்கள். நாங்கள் சோறு காய்ச்சும் சிவப்பரிசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் அரிசியும் குரக்கனும் தவிட்டுக்காக நல்லவை, சாப்பிடுங்கள், ஆனால் குளிசையின் வேலையை அவை செய்யாது. கியூ10 கப்சியூலைப் பற்றியும் கேட்கிறார்கள். தசை நோவுக்கு அது உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள் என்பேன்.

திரும்பத் தொடங்க முடியுமா? பயமாக இருக்கிறது.

பெரும்பாலானவர்களால் முடியும். வேறு ஸ்ரற்றின், குறைந்த அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பல வழி உண்டு. அற்றோவஸ்ரற்றினும் றோசுவஸ்ரற்றினும் உடம்பில் நீண்ட நேரம் நிற்பவை, அதனால் நாள் விட்டுக் கொடுத்தாலும் வேலை செய்யும். அதுவும் ஏலாவிட்டால் எசெற்றிமைப் என்ற வேறு வகைக் குளிசை இருக்கிறது.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்ரென்ற் வைத்தவர், பாரிசவாதம் வந்து தப்பியவர் என்றால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வெறுமனே நிறுத்திவிட்டு இருக்காதீர்கள். எல்டிஎல் டெசிலீற்றருக்கு 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பும் பாரிசவாதமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ நடு இரவில் நெஞ்சு நொந்தால் பெரிய வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

டொக்டரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது.

வீட்டிலேயே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய்க் கொப்பிக்குள் வையுங்கள். குளிசை தொடங்கிய மாதம், நோ தொடங்கிய மாதம், நிறுத்தியிருந்தால் அந்தத் திகதி, எந்த இடத்தில் நோ, இரண்டு பக்கமா ஒரு பக்கமா, குந்தி எழும்ப முடிகிறதா. வெளியே வாங்கிப் போட்ட மருந்துகளின் அட்டை. எழுத ஏலாதவர்கள் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். நிறுத்தியதை மறைக்காதீர்கள். நீங்கள் போடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, கொழுப்பு இறங்கவில்லையே என்று அளவை இரட்டிப்பாக்கி எழுதினால், அதைத் திடீரென்று ஒருநாள் போடத் தொடங்கும்போதுதான் உண்மையான ஆபத்து.

போடாமல் சேர்த்து வைத்த குளிசைகளை என்ன செய்வது?

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்க வேண்டாம், அடுப்பிலும் போட வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது அப்படியே கொண்டு வந்து மருந்தாளரிடம் காட்டுங்கள். அந்த விசுவமடு அம்மா கொண்டு வந்த ரின்னில் இருநூறுக்குக் கிட்ட இருந்தது. எண்ணி, திகதி பார்த்து, கொப்பியில் குறித்தேன். இப்போது அவர் அற்றோவஸ்ரற்றினைக் குறைந்த அளவில் திரும்பப் போடுகிறார். ரின்னைக் கழுவித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், மிளகாய்த்தூள் போட.